சம்மரியில 'மெனிஞ்சைட்டிஸ், காரணம் தெளிவில்லை'ன்னு முடிச்சிருக்காங்க: ஜி00.9ஆ, ஜி03.0வா, ஜி03.9ஆ?

நொய்யல்கரை (கோவை, சரவணம்பட்டி)

வணக்கமுங்க. மெடிக்கல் கோடிங் சந்தேகம்: அமெரிக்க இன்பேஷன்ட் (ஆஸ்பத்திரியில தங்கி வைத்தியம் பாத்தவரு) சார்ட் ஒண்ணு, நோய் மெனிஞ்சைட்டிஸ் (மூளையுறை அழற்சி). அதுக்கு ஐசிடி நோய்க் கோடு போடணும். டீம்ல மூணு பேர் பாத்தோம், மூணு கோடு வந்திருக்குது: ஜி00.9 (பாக்டீரியல், கிருமி பேரு இல்லாம), ஜி03.0 (ஏசெப்டிக், அதாவது பாக்டீரியா இல்லாதது), ஜி03.9 (காரணம் சொல்லாதது). இப்போதைக்கு ஹோல்டுல போட்டாச்சு. நோயாளியை அடையாளம் காட்டற எதுவும் இங்க இல்லீங்க; வயசும் எண்களும் மாத்தினது, நெலவரம் மட்டும் அதேதான்.

வயசு 34. மூணு நாளாக் காய்ச்சல், தலைவலி, கழுத்தை மடக்க முடியல. வெளியில ரெண்டு நாள் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான் எமர்ஜென்சிக்கு வந்திருக்காரு. அங்க செஃப்ட்ரியாக்சோன், வான்கோமைசின், அசைக்ளோவிர் மூணும் ஏத்தி, மூணு மணி நேரம் கழிச்சுத்தான் முதுகுல நீர் எடுத்திருக்காங்க (எல்பி). அந்த நீரோட (சிஎஸ்எஃப்) ரிப்போர்ட் இப்படி:

வெள்ளணு 410, நியூட்ரோஃபில் 58%, லிம்ஃபோசைட் 42%
சிவப்பணு 20
புரோட்டீன் 118 மி.கி./டெ.லி.
குளுக்கோஸ் 52, அதே நேரத்து ரத்தச் சர்க்கரை 104
கிராம் ஸ்டெயின்ல கிருமி இல்ல. கல்ச்சர் 72 மணி நேரத்துல வளர்ச்சி இல்ல
எச்எஸ்வி (ஹெர்ப்பிஸ் வைரஸ்) பிசிஆர் நெகட்டிவ். என்டெரோவைரஸ் பிசிஆர் அனுப்பினதாவே தெரியல

அட்மிஷன் நோட்டுல "மெனிஞ்சைட்டிஸ், பாக்டீரியல் வெர்சஸ் வைரல்". ரெண்டாம் நாள் தொற்றுநோய் கன்சல்டன்ட் "லைக்லி பார்ஷியலி ட்ரீட்டட் பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ்"னு எழுதறாரு. மூணாம் நாள் அசைக்ளோவிர் நிறுத்தம். ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் சம்மரியில அட்டெண்டிங் (பொறுப்பு டாக்டர்) எழுதினது இவ்வளவுதான்: "அக்யூட் மெனிஞ்சைட்டிஸ், எட்டியாலஜி அன்க்ளியர். கல்ச்சர்ஸ் நெகட்டிவ். செஃப்ட்ரியாக்சோன் மொத்தம் 10 நாள் முடிக்கவும்."

ஒருத்தர், கன்சல்டன்ட் 'லைக்லி'ன்னு எழுதிட்டாரு, 10 நாள் ஆன்டிபயாட்டிக்கும் போவுது, அதனால ஜி00.9ங்கறாரு. இன்னொருத்தர், கல்ச்சர் நெகட்டிவ்னா ஏசெப்டிக், ஜி03.0ங்கறாரு. எனக்கு ஜி03.9தான் சரின்னு படுது, ஆனா ஆடிட்ல 'ஸ்பெசிஃபிசிட்டி போச்சு'ன்னு எரர் விழுமோன்னு யோசனை. கொயரி (டாக்டர்கிட்ட விளக்கம் கேட்டு எழுதறது) போடறதுன்னா எப்படி எழுதறதுங்க? லீடிங்னு (பதிலை நாமளே எடுத்துக் குடுக்கறோம்னு) திருப்பி அனுப்பாத மாதிரி வேணும்.


சேர்வராயன்_ஆடிட் (சேலம்)

இப்ப இருக்கற எழுத்துக்கு ஜி03.9தாங்க. ஆனா அதப் போட்டு ஃபைனல் பண்ணிடாதீங்க, இது கொயரி போக வேண்டிய சார்ட். மத்த ரெண்டும் ஏன் நிக்காதுன்னு மொதல்ல சொல்லிடறேன்.

ஜி00.9. இன்பேஷன்ட்ல 'ப்ராபபிள், சஸ்பெக்டட், லைக்லி, பாசிபிள், ஸ்டில் டு பி ரூல்ட் அவுட், கன்சிஸ்டன்ட் வித்' மாதிரிச் சொற்களோட இருக்கற டயக்னசிஸை உறுதியானது மாதிரியே கோடு பண்ணலாம்னு கைட்லைன் செக்‌ஷன் 2.எச் சொல்லுது. எல்லாரும் அது வரைக்கும் படிச்சுட்டு நிறுத்திடறாங்க. அதுக்குள்ளயே 'டிஸ்சார்ஜ் சமயத்தில்'னு ஒரு நிபந்தனை இருக்குது. உங்க சார்ட்ல 'லைக்லி' ரெண்டாம் நாளோட நின்னுபோச்சு. ஆறாம் நாள் அட்டெண்டிங் அதை எடுத்துக்கல. 'தெளிவில்லை'ன்னு வேற வார்த்தை போட்டுட்டாரு. கன்சல்டன்ட் எழுத்தும் அட்டெண்டிங் எழுத்தும் மோதினா அட்டெண்டிங்கைத்தான் கேக்கணும், நாம நடுவர் ஆக முடியாது. 10 நாள் செஃப்ட்ரியாக்சோனுங்கறது சிகிச்சைதான், டயக்னசிஸ் இல்ல. "பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸுக்கு எம்பிரிக்கலா சிகிச்சை தரப்பட்டது"ன்னு எழுதியிருந்தாக்கூட அதை நேரா ஜி00.9ஆ மாத்தக் கூடாதுங்க. எம்பிரிக்கல்ங்கறது மருந்தைப் பத்தின சொல்லு, நோயைப் பத்தினது இல்ல.

ஜி03.0. இதுதான் நான் அதிகமாப் பாக்கற தப்பு. ஏசெப்டிக் மெனிஞ்சைட்டிஸ், நான்-பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ் ரெண்டும் ஜி03.0க்குக் கீழ வருது, சரி. ஆனா 'ஏசெப்டிக்'ங்கற வார்த்தைய டாக்டர் எழுதியிருக்கணும். கல்ச்சர் நெகட்டிவ்ங்கறது லேப் சொன்ன சேதி. ஏசெப்டிக்ங்கறது டாக்டரோட முடிவு. ஆன்டிபயாட்டிக் போனதுக்கப்புறம் எடுத்த நீர்ல ஒண்ணும் வளரலைன்னா பாக்டீரியா இல்லைன்னு அர்த்தமே கிடையாது. அதே மாதிரி 'வைரல் மெனிஞ்சைட்டிஸ்'னு எழுதினா ஏ87.9, 'ஏசெப்டிக்'னு எழுதினதை நாமளா வைரல் ஆக்கக் கூடாது. இதுல காசும் இருக்குது, டிஆர்ஜிங்கற பேமென்ட் குழு மாறிடும்: வைரல் மெனிஞ்சைட்டிஸ் டிஆர்ஜி 075–076, பாக்டீரியலும் டிபியும் 094–096. அதனாலதான் இன்சூரன்ஸ் தரப்பு இந்த சார்ட்டுகளத் தேடித் தேடிப் பாக்குது.

காரணம் 'தெரியல'ங்கறதுல மூணு வகை இருக்குதுங்க. தேடவே இல்லாததால தெரியல; தேடியும் கிடைக்கல; ஒண்ணை மனசுல வெச்சு வைத்தியம் பண்ணியாச்சு, எழுதத்தான் இல்ல. மொதல் ரெண்டும் ஜி03.9ல நேர்மையா உக்காரும். மூணாவதுதான் கொயரிக்கான சார்ட். அசைக்ளோவிரை மூணாம் நாள் நிறுத்திட்டு செஃப்ட்ரியாக்சோனை மட்டும் 10 நாளுக்கு நீட்டறவருக்கு ஏதோ ஒரு எண்ணம் இருக்குது. அதத்தான் கேக்கறோம்.

கொயரியை ஆங்கிலத்துலதான் அனுப்புவீங்க. சாரத்தைத் தமிழ்ல தர்றேன், அப்படியே பெயர்த்துக்குங்க:

"அட்மிஷன் குறிப்பில் 'மெனிஞ்சைட்டிஸ், பாக்டீரியல் வெர்சஸ் வைரல்', 2ஆம் நாள் தொற்றுநோய் கன்சல்ட்டில் 'லைக்லி பார்ஷியலி ட்ரீட்டட் பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ்', டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அக்யூட் மெனிஞ்சைட்டிஸ், எட்டியாலஜி அன்க்ளியர்' என்று உள்ளது. எல்பிக்கு முன் 2 நாள் வாய்வழி ஆன்டிபயாட்டிக், 3 மணி நேரம் முன் சிரைவழி ஆன்டிபயாட்டிக். சிஎஸ்எஃப்: வெள்ளணு 410, நியூட்ரோஃபில் 58%, லிம்ஃபோசைட் 42%, புரோட்டீன் 118, குளுக்கோஸ் 52 / ரத்தம் 104, கிராம் ஸ்டெயின், கல்ச்சர், எச்எஸ்வி பிசிஆர் நெகட்டிவ். அசைக்ளோவிர் 3ஆம் நாள் நிறுத்தம். செஃப்ட்ரியாக்சோன் 10 நாள். உங்கள் மருத்துவ முடிவின்படி இந்த மெனிஞ்சைட்டிஸின் வகையை, உறுதியாகவோ சந்தேக நிலையிலோ, தெளிவுபடுத்தவும்."

கீழ தேர்வுகள்: பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ் (உறுதி அல்லது ப்ராபபிள்), வைரல் மெனிஞ்சைட்டிஸ் (உறுதி அல்லது ப்ராபபிள்), ஏசெப்டிக் மெனிஞ்சைட்டிஸ், முழுப் பரிசோதனைக்குப் பிறகும் காரணம் கண்டறியப்படாத மெனிஞ்சைட்டிஸ், வேறு (எழுதவும்), மருத்துவரீதியாகத் தீர்மானிக்க இயலாது.

கவனிக்க வேண்டியது என்னன்னா, சார்ட்ல இருக்கற சாட்சியம் ரெண்டு பக்கமும் வரணும். நியூட்ரோஃபில் 58%ஐ மட்டும் எழுதிட்டு லிம்ஃபோசைட்டை, கல்ச்சர் நெகட்டிவை விட்டுட்டா அது லீடிங். டிஆர்ஜி, பேமென்ட், சிவியரிட்டி இந்த மூணு பேச்சும் கொயரிக்குள்ள வரவே கூடாது. பதில் சார்ட்டுக்குள்ள அடெண்டமாவோ (பின்குறிப்பு), உங்க கிளையன்ட் ஏத்துக்கற கொயரி படிவமாவோ சேரணும். போன்ல 'ஆமா பாக்டீரியல்தான்'னு சொன்னது சேராது.

டாக்டர் 'ப்ராபபிள் பாக்டீரியல்'னு பதில் போட்டா ஜி00.9, பிஓஏ (அட்மிஷன்லயே இருந்ததா) 'ஒய்'. நீர் எடுத்தது அட்மிஷனுக்கு அப்புறமா இருந்தாலும் அறிகுறி வீட்டுல இருந்தே வந்ததுதானுங்களே. 'அன்டிடர்மின்ட்'னு வந்தா ஜி03.9, அதுக்கு யாரும் எரர் போட முடியாது, கொயரி நகல் கூடவே இருக்குது. காய்ச்சல், தலைவலிக்குத் தனி ஆர் கோடு (அறிகுறிக் கோடு) வேண்டாம். எல்பிக்கு பிசிஎஸ்ல (செய்முறைக் கோடு) ட்ரெயினேஜ், ஸ்பைனல் கெனால், பெர்க்யூட்டேனியஸ். ஏழாவது எழுத்து எக்ஸ். அவசரத்துல இசட் போட்டுட்டா டயக்னாஸ்டிக்ங்கறது போயிடும்.


கூடுதுறை_மருத்துவன் (ஈரோடு மாவட்டம்)

ஆடிட்டர் சொன்னதோடு உடன்படுகிறேன். அந்த ரிப்போர்ட்டை ஒரு மருத்துவர் எப்படிப் படிப்பார் என்பது தெரிந்தால் கொயரியில் எதைச் சேர்ப்பது என்பது உங்களுக்கே விளங்கும்.

வளர்ந்தவரின் சிஎஸ்எஃபில் வெள்ளணு 5க்குள், புரோட்டீன் 15–45, குளுக்கோஸ் ரத்தச் சர்க்கரையில் சுமார் 60% இருக்க வேண்டும். பாக்டீரியா என்றால் வழக்கமாக வெள்ளணு ஆயிரத்தைத் தாண்டி, பெரும்பாலும் நியூட்ரோஃபில். குளுக்கோஸ் 40க்குக் கீழ் அல்லது ரத்தத்தில் 40%க்குக் கீழ். புரோட்டீன் 100, 200 என்று ஏறும். வைரஸ் என்றால் வெள்ளணு சில பத்துகளிலிருந்து சில நூறு, லிம்ஃபோசைட் ஓங்கியிருக்கும், குளுக்கோஸ் இயல்பு, புரோட்டீன் லேசான ஏற்றம். உங்கள் சார்ட்டில் வெள்ளணு 410, சர்க்கரை விகிதம் 50%, புரோட்டீன் 118. எந்தப் பக்கமும் முழுசாகச் சாயாத நீர்.

சாயாததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, முன்பே போன மருந்து. சிரைவழி செஃப்ட்ரியாக்சோன் ஏறினால் மெனிங்கோகாக்கஸ் 2 மணி நேரத்துக்குள், நியூமோகாக்கஸ் 4 மணி நேரத்திலிருந்து கல்ச்சரில் வளராமல் போகத் தொடங்கும். அதற்கு மேல் இரண்டு நாள் மாத்திரையும் போயிருக்கிறது. அணுக்களும் புரோட்டீனும் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. ஆகவே 'கல்ச்சர் நெகட்டிவ், செல் அதிகம்' என்பது மருந்து சாப்பிட்டு வந்தவரிடம் எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுதான். இரண்டாவது, வைரஸிலும் முதல் ஓரிரு நாள் நியூட்ரோஃபில் முன்னால் நிற்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால் லிம்ஃபோசைட்டுக்கு மாறுவது தெரியும். மறு எல்பி செய்யாவிட்டால் 58% என்ற எண்ணை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

மருந்தை முன்னால் கொடுத்தது பிழை என்று யாரும் எண்ண வேண்டாம். எல்பிக்கு முன் சிடி தேவைப்படும் நோயாளிகள் உண்டு: புது வலிப்பு, கண் நரம்பு வீக்கம், நினைவு மங்கல், ஒரு பக்கச் செயலிழப்பு, எதிர்ப்புசக்தி குறைந்த உடல். சிடிக்காகக் காத்திருக்கையில் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தக் கல்ச்சரை எடுத்துவிட்டு, டெக்ஸாமெத்தசோனை முதல் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்போ கூடவோ கொடுத்துவிட்டு மருந்தை ஏற்றுவதுதான் முறை. ஆகவே சார்ட்டில் ரத்தக் கல்ச்சர் முடிவு எங்கே என்று பாருங்கள், நீங்கள் அதை எழுதவில்லை. சிஎஸ்எஃபில் வளராத நியூமோகாக்கஸ் ரத்தத்தில் வளர்ந்திருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு.

ரிப்போர்ட்டே பிழையாவதும் நடக்கும். நீரை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபில் எண்ணிவிட வேண்டும். அறை வெப்பத்தில் வைத்தால் நியூட்ரோஃபில் ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறையப் பாதியும் சிதைந்துவிடும். சாயங்காலம் எடுத்த குழாய் காலையில் லேபுக்குப் போனால் பாக்டீரியல் நீர் லிம்ஃபோசைட் நீராக வேடம் போடும். கல்ச்சருக்கான குழாயைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது, பிசிஆருக்கானதை வைக்கலாம். குழாய் வரிசை: முதல் குழாய் குளுக்கோஸ்-புரோட்டீன், இரண்டாவது கிராம் ஸ்டெயின்-கல்ச்சர், மூன்றாவது செல் எண்ணிக்கை, நான்காவது பிசிஆர், மற்றவை. ஊசியில் ரத்தம் கலந்திருந்தால் 500 முதல் 1000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு கழிக்க வேண்டும். உங்கள் சார்ட்டில் சிவப்பணு 20தான், கழிக்க ஒன்றுமில்லை. எச்எஸ்வி பிசிஆரும் முதல் மூன்று நாளுக்குள் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். நினைவு மங்கல் இருந்தால் ஒரு நெகட்டிவை நம்பி அசைக்ளோவிரை நிறுத்த மாட்டார்கள். இங்கே மூன்றாம் நாளே நிறுத்தியது, எச்எஸ்வி மூளையழற்சியை அவர் மனதளவில் கைவிட்டார் என்பதற்கு அடையாளம். கொயரியில் அந்த வரி இருக்கட்டும்.

இப்போதெல்லாம் பயோஃபயர் மெனிஞ்சைட்டிஸ் பேனல் போடுகிறார்கள். 0.2 மில்லி நீர், ஏறக்குறைய ஒரு மணி நேரம், 14 கிருமிகள். ஆனால் டிபி அதில் இல்லை, ஸ்க்ரப் டைஃபஸும் (உண்ணிக் காய்ச்சல்) இல்லை. 'பேனல் நெகட்டிவ், ஆகவே தொற்று இல்லை' என்று எழுதிய சம்மரி நம் ஊர்ப் பக்கத்தில் மிக ஆபத்தானது. சத்தியமங்கலம், ஆனைகட்டி மாதிரி மலையடிவாரத்திலிருந்து காய்ச்சலும் தலைவலியுமாக வருபவரிடம் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கில் கருகிய புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதிவையுங்கள். 'இல்லை' என்றாலும் எழுதுங்கள். டிபிக்கு நீர் நிறைய வேண்டும், குறைந்தது 6 மில்லி. ஒரு மில்லி அனுப்பிவிட்டு சிபிநாட் (டிபி மரபணுப் பரிசோதனை) நெகட்டிவ் என்று சொல்வதில் பொருளில்லை. 6 மில்லி அனுப்பியே நெகட்டிவ் வந்தாலும் டிபி இல்லை என்று ஆகாது.

மருத்துவர்கள் யாரேனும் இதைப் படித்தால், சம்மரியில் கூடுதலாக ஒரு வரி போதும்: "மெனிஞ்சைட்டிஸ், ப்ராபபிள் பாக்டீரியல், எல்பிக்கு முன் ஆன்டிபயாட்டிக் பெற்றதால் கல்ச்சர் நெகட்டிவ், 10 நாள் சிகிச்சை." அல்லது, உண்மையிலேயே தெரியாவிட்டால்: "எந்தெந்தப் பரிசோதனை செய்தும் காரணம் பிடிபடவில்லை." பத்து நொடி வேலை.


அமராவதி_எம்ஆர்டி (திருப்பூர் மாவட்டம்)

மேல எழுதினது எல்லாம் அமெரிக்க ஐசிடி-10-சிஎம்முக்கு. நம்ம ஆஸ்பத்திரி எம்ஆர்டியில (மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு) உக்காந்து இதப் படிக்கறவங்களுக்காக ஒரு ரெண்டு வார்த்தை, ஏன்னா சிஎம் படிச்சுட்டு வந்த புள்ளைங்க இங்க வந்து தடுமாறறாங்க.

நாம கோடு பண்றது உலக சுகாதார நிறுவனத்து ஐசிடி-10. இதுல கத்திக்குறி-நட்சத்திரக்குறி ஜோடி இருக்குது: கத்திக்குறி அடிப்படை நோய்க்கு, நட்சத்திரம் அது பாதிச்ச எடத்துக்கு. டிபி மெனிஞ்சைட்டிஸ்னா ஏ17.0 கத்திக்குறியோட, ஜி01 நட்சத்திரத்தோட. என்டெரோவைரஸ்னா ஏ87.0, கூட ஜி02.0. கிரிப்டோகாக்கல்னா பி45.1, கூட ஜி02.1. சிஎம்ல ஜி02க்கு அந்தப் புள்ளிக்கப்புறம் எண்ணே கிடையாது, ஏ17.0 தனியாவே போதும். ஜி01, ஜி02 ரெண்டு புத்தகத்துலயும் தனியா நிக்காது, மொதல்லயும் வராது.

நம்ம சம்மரில பெரிய தலைவலி கேள்விக்குறிங்க. "மெனிஞ்சைட்டிஸ் ? பையோஜெனிக் ? டிபிஎம்"னு ஒரே வரியில ரெண்டு கேள்விக்குறி. 'பையோஜெனிக் மெனிஞ்சைட்டிஸ்'னா (சீழ் பிடிக்கற பாக்டீரியல் வகை) ஜி00.9, டிபிஎம்னா (டிபி மெனிஞ்சைட்டிஸ்) ஏ17.0. ரெண்டும் மாத்து வழியா எழுதி வேற தகவலே இல்லைன்னா, ரெண்டாம் தொகுதி எம்பி5 விதிப்படி மொதல்ல எழுதினதை எடுக்கணும். "காய்ச்சல், டிபிஎம் அல்லது வைரல்"னு அறிகுறியை முன்னால வெச்சு எழுதினா அறிகுறியே மெயின். ஆனா விதி இருக்குதுங்கறதுக்கோசரம் அங்கயே நிறுத்தாதீங்க. சிகிச்சைச் சீட்டைத் திருப்பிப் பாருங்க: நாலு டிபி மருந்தும் ஸ்டீராய்டும் ஆரம்பிச்சிருந்தா டாக்டர் கேள்விக்குறியைத் தாண்டிட்டாருன்னு அர்த்தம், வார்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்குங்க. டிபிக்கு மருந்து ஆரம்பிச்சாச்சுன்னா நிக்ஷய்ல (அரசோட டிபி பதிவுத் தளம்) பதிவும் ஏறணும். 2012ல இருந்து டிபி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். நிக்ஷய்ல டிபி, சம்மரில 'மெனிஞ்சைட்டிஸ் என்ஓஎஸ்' (வகை சொல்லாதது), காப்பீட்டு முன்அனுமதியில 'பையோஜெனிக்'னு மூணு எடத்துல மூணு பேரு இருந்தா கிளெய்ம் நின்னுடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல இப்படித் திரும்பி வர்றது நோயால இல்லீங்க, இந்தப் பேர் பொருந்தாததாலதான்.

ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் பாசிட்டிவ்னு லேப் பேப்பர் இருக்கும், சம்மரில இருக்காது. டாக்டர் எழுதினா ஏ75.3 மொதல்ல, மெனிஞ்சைட்டிஸுக்கான நட்சத்திரக் கோடு அதுக்குப் பின்னால. எழுதாம விட்டா எல்லாமே ஜி03.9ல போய் விழுந்துடும். நம்ம பகுதியில இந்த நோய் எவ்வளவு இருக்குதுங்கற கணக்கும் அதோட தொலைஞ்சது.

இறப்புச் சான்று படிவம் 4ல வெறும் 'மெனிஞ்சைட்டிஸ்'னு எழுத விடாதீங்க. 'ப்ராபபிள்'னு சேத்துக் காரணத்தை எழுதலாம், தப்பில்ல.


நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்கண்ணா, டாக்டருங்க, அக்கா. ரத்தக் கல்ச்சர் பாத்தேன்: ரெண்டு செட்டும் 5 நாள் நெகட்டிவ். கொயரியில சேத்தாச்சு.

இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, இதே நோயாளி எமர்ஜென்சியிலிருந்தே வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தப்பட்டிருந்தா? ரெண்டு, டிஸ்சார்ஜுக்கு அப்புறம் பிசிஆர் ரிசல்ட் வந்து சார்ட்ல ஒட்டியிருந்தா? மூணு, சில நோட்டுல 'மெனிஞ்சோஎன்செஃபலைட்டிஸ்'னு (மூளையும் உறையும் சேந்து அழற்சி) வருது, ரெண்டு கோடு போடணுமா?


சேர்வராயன்_ஆடிட்

எமர்ஜென்சியோட முடிஞ்சா அது அவுட்பேஷன்ட். அங்க செக்‌ஷன் 4.எச் நேர் எதிர்: 'ப்ராபபிள்', 'சஸ்பெக்டட்' எதையும் கோடு பண்ணக் கூடாது. 'பாசிபிள் பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ், ட்ரான்ஸ்ஃபர்'னா ஆர்50.9 (காய்ச்சல்), ஆர்51.9 (தலைவலி)தான். டாக்டர் 'மெனிஞ்சிஸ்மஸ்'னு (கழுத்து விறைப்பு மாதிரி அறிகுறி மட்டும்) எழுதியிருந்தா ஆர்29.1. எல்பி பண்ணியிருந்தா சிபிடி (அவுட்பேஷன்ட் செய்முறைக் கோடு) 62270. ஃப்ளோரோஸ்கோபியோ சிடியோ பாத்துக்கிட்டே குத்தினா 62328. சந்தேகச் சொல்லே இல்லாம 'மெனிஞ்சைட்டிஸ்'னு எழுதிட்டா ஜி03.9 போடலாம், அது வேற.

அப்புறமா வந்த ரிசல்ட்: பேப்பர் சார்ட்ல இருக்கறதால கோடு ஆகாது. அட்டெண்டிங் அடெண்டம் எழுதணும், "என்டெரோவைரஸ் பிசிஆர் பாசிட்டிவ், என்டெரோவைரல் மெனிஞ்சைட்டிஸ்"னு. அப்பத்தான் ஏ87.0. இதுல இன்னொரு பொறி இருக்குது. சம்மரில 'ப்ராபபிள் பாக்டீரியல்', ரெண்டு நாள் கழிச்சு என்டெரோவைரஸ் பாசிட்டிவ், அடெண்டம் இல்ல. விதிப்படி ஜி00.9 போட்டுடலாம், ஆனா கிளினிக்கல் வேலிடேஷன்ல (டயக்னசிஸுக்குச் சார்ட்ல சாட்சியம் இருக்குதான்னு பாக்கறது) அது நிக்காது. போடறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. கிளெய்ம் டினையல் (மறுப்பு) வந்ததுக்கப்புறம் கேட்டா டாக்டரும் மறந்திருப்பாரு.

மெனிஞ்சோஎன்செஃபலைட்டிஸ்: 'வைரல் மெனிஞ்சோஎன்செஃபலைட்டிஸ்'னா ஏ86 ஒண்ணே போதும், ஏ87.9 சேக்க வேண்டாம். ஹெர்ப்பிஸ்னா பி00.4; வெறும் ஹெர்ப்பிஸ் மெனிஞ்சைட்டிஸ் பி00.3. பாக்டீரியல் மெனிஞ்சோஎன்செஃபலைட்டிஸ் ஜி04.2, அதோட ஜி00 சேராது, எக்ஸ்க்ளூட்ஸ்1 (ரெண்டும் ஒண்ணா வரக் கூடாதுங்கற குறிப்பு) இருக்குது. நோட்டுக்கு நோட்டு மெனிஞ்சைட்டிஸும் மெனிஞ்சோஎன்செஃபலைட்டிஸும் மாறி மாறி வந்தா அதுவும் கொயரிதான்; நினைவு மங்கல், வலிப்பு, எம்ஆர்ஐ இந்த மூணும் சாட்சியத்துல வரணும்.

கேக்காத ஒண்ணு: செப்சிஸும் சேந்து வந்திருந்து, அட்மிஷன்லயே இருந்திருந்தா, செப்சிஸ் கோடுதான் மொதல்ல, மெனிஞ்சைட்டிஸ் பின்னால. நியூமோகாக்கல் செப்சிஸ் ஏ40.3, அப்புறம் ஜி00.1. எல்பிக்கு அப்புறம் வந்த தலைவலியை டாக்டர் எல்பியோட சேத்து எழுதியிருந்தா ஜி97.1, அது மெனிஞ்சைட்டிஸ் தலைவலிக்குள்ள கரையாது.

கொயரி டிராஃப்டை ஒருதரம் இங்க ஒட்டுங்க, பாத்துடலாம்.


நொய்யல்கரை

உள்ள நீங்க சொன்ன மாதிரியேதாங்கண்ணா, ரத்தக் கல்ச்சர் வரி மட்டும் கூடுதல். தலைப்பு: "பாக்டீரியல் மெனிஞ்சைட்டிஸ் — தெளிவுபடுத்தல்". தேர்வுகள் ஆறும் அதே வரிசை.


சேர்வராயன்_ஆடிட்

தலைப்புலயே பதிலைச் சொல்லிட்டீங்களே. "மெனிஞ்சைட்டிஸ் — வகை தெளிவுபடுத்தல்"னு மாத்திட்டு அனுப்பிடுங்க.